பெருமாள்மலைக்கு மேலே ஒரே பாதை



வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரும் இதழ் இது. வடிகால் தூர்வாருவது, சாயும் நிலையில் இருக்கும் மரங்களுக்கு மனுக் கொடுப்பது போன்ற செய்திகள் அடுத்த பக்கத்தில் இருக்கின்றன. எனக்குக் கொடுத்திருப்பது வழக்கம்போல வரலாற்றுப் பக்கம்தான். ஆனால் இந்தத் தடவை நம் ஊர்த் தொழில்களின் கதையாக எழுதச் சொன்னார்கள். சென்ற கூட்டத்தில் எழுந்த ஒரு கேள்விதான் காரணம். கடைக்காரர்கள் மழைக்காலத்துக்கு ஒரு திட்டம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பேச்சு வந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒருவர், "மழை அடிச்சா ரெண்டு நாள் மூடுவோம், வெயில் வந்தா திறப்போம். இதுக்கெல்லாம் எதுக்குங்க திட்டம்?" என்று கேட்டார். பலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் 2018 நவம்பர் 16 வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்று வெள்ளிக்கிழமை. கஜா புயல் நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. கடலோரத்தோடு ஓய்ந்துவிடும் என்று நம்பிப் படுத்தவர்கள்தான் நம்மில் அதிகம். அது டெல்டாவைத் துவைத்துவிட்டு, திண்டுக்கல் மாவட்டம் வழியாக நேரே நம் மலைமேல் ஏறிக் கேரளப் பக்கம் இறங்கியது. மரங்கள் சாய்ந்ததும், மின்கம்பங்கள் முறிந்ததும், பாதை அடைபட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

என் மளிகைக் கடையில் ஓடு பறக்கவில்லை, ஒரு மூட்டை அரிசி நனையவில்லை. ஆனாலும் கடை நின்றுபோனது. அதற்கு ஓராண்டு முன்புதான் பில் போடக் கம்ப்யூட்டர் வாங்கி, வாடிக்கையாளர் கடன் கணக்கு முழுவதையும் அதில் ஏற்றிவிட்டு, பழைய நோட்டுகளைப் பரணில் போட்டிருந்தேன். மின்சாரம் போனதும் கணக்கும் போனது. செல்போன் டவர் போனதும் கார்டு மெஷின், போன் வழியாகப் பணம் வாங்குவது எல்லாம் போனது. கல்லாவில் சில்லறை இல்லை. யார் எவ்வளவு பாக்கி என்று தெரியாமல் கொடுக்கவும் தயக்கம், தெரிந்த முகத்துக்கு இல்லை என்று சொல்லவும் கூச்சம். நான்கு கடை தள்ளி இருந்த பெரியவர் ஒரு மெழுகுவத்தியும் நீளக் கடன் நோட்டும் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் வியாபாரம் செய்தார். என்னைப் பார்த்து, "தம்பி, உன் கடைக்கு என்ன சேதம்?" என்று கேட்டார். சேதம் ஒன்றும் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

பெரிய நிறுவனங்கள் இதற்குத் தனிப் பிரிவே வைத்திருக்கின்றன. எதிர்பாராதது நடந்தாலும் தொழில் நிற்காமல் ஓட முன்கூட்டியே ஏற்பாடு செய்வதற்கு உலக அளவில் ஒரு தர நிர்ணயம்கூட 2012-இல் வந்தது. அந்தப் புத்தகங்களை நான் படித்ததில்லை. நம் மலையின் கதையைப் படித்திருக்கிறேன். அதிலேயே வேண்டிய அளவு இருக்கிறது.

முதலில் இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் உல்லாசத்துக்காகப் பிறந்த ஊர் இல்லை. அமெரிக்கன் மதுரை மிஷன் 1834-இல் மதுரையில் வேலை தொடங்கியது. காய்ச்சலும் காலராவும் அவர்களை விடவில்லை. அவர்களும் அவர்கள் குழந்தைகளும் மடிந்துகொண்டே இருந்தார்கள். இப்படியே போனால் மதுரையில் பள்ளியும் நடக்காது, மருத்துவமும் நடக்காது என்ற நிலை. ஓய்ந்தவர்கள் ஏறி உட்கார்ந்து தேறி வர உயரத்தில் ஓர் இடம் வேண்டியிருந்தது. முதலில் பார்த்தது பக்கத்திலிருந்த சிறுமலை. அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அதன் பிறகுதான் பழனி மலையின் உச்சிக்கு வந்தார்கள். 1845-இல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடுகள் எழுந்தன. அதாவது, மதுரையில் நடக்கும் வேலை நிற்காமலிருக்க மாற்றிடமாகத் தொடங்கியதுதான் இன்றைய நம் ஊர். முதல் மாற்றிடம் சரிப்படவில்லை என்று தெரிந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் இரண்டாவதைத் தேடினார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது.

அவர்களுக்கு வெகு காலம் முன்பே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் படிக்கட்டு வயல் வெட்டி வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய முன்னோரும் சமவெளிப் பஞ்சத்துக்கோ போருக்கோ தப்பி மேலே வந்தவர்கள் என்ற வழக்கு உண்டு. மாற்றிடம் தேடி இந்த மலைக்கு வந்ததில் மிஷன்காரர்கள் முதல் ஆட்கள் இல்லை.

ஆனால் இடம் பாதுகாப்பாக இருந்தால் போதாதே, அங்கே போய்ச் சேர வேண்டும். அன்றைய வழி பெரியகுளம் பக்கம் அடிவாரத்திலிருந்து செங்குத்தாக ஏறும் ஒற்றையடிப் பாதை. வெள்ளைக்காரர்கள் குதிரையிலும், ஆட்கள் சுமக்கும் டோலியிலும் ஏறினார்கள். அரிசி, உப்பு, சன்னல் கண்ணாடி, பியானோ எதுவானாலும் மனிதத் தோளில்தான் வந்தாக வேண்டும். 1875-இல் ரயில் வந்து அம்மையநாயக்கனூர் நிலையம் பிறகு கொடைக்கானல் ரோடு என்று பெயர் பெற்றது. ஆனால் ரோடு என்ற பெயர்தான் முதலில் வந்தது, ரோடு பிறகுதான் வந்தது. மேஜர் லா தொடங்கிவைத்த, இன்று நாம் லாஸ் காட் என்று சொல்லும் வத்தலக்குண்டுச் சாலை 1914 வாக்கில்தான் உச்சி வரை வந்து சேர்ந்தது. 1916-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். எழுபது ஆண்டு காலம் இந்த ஊரில் கடை வைத்திருந்தவர்கள் தோளில் வந்த சரக்கை வைத்து நடத்தினார்கள். மழையில் தோள் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மழைக்கு முன்பே கிட்டங்கி நிரம்பியிருக்க வேண்டும்.

சாலை வந்தபின் அந்தப் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. காலையில் போன் போட்டால் மாலையில் வத்தலக்குண்டிலிருந்து வண்டி வந்துவிடுகிறதே! இன்று என் கடையில் பல சாமான் மூன்று நாளுக்கு மேல் இருப்பு இல்லை. உங்கள் வீட்டு அலமாரியும் அப்படித்தான் இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நமக்கு மூன்று வழி இருக்கிறது என்று பெருமையாகச் சொல்கிறோம்: வத்தலக்குண்டு வழி, பழனி வழி, பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழி. ஒன்று அடைத்தால் இன்னொன்று என்று நினைப்பு. ஆனால் பழனிச் சாலை வந்து சேர்வது பெருமாள்மலையில். அடுக்கம் சாலை வந்து சேர்வதும் பெருமாள்மலைப் பக்கம்தான். அங்கிருந்து சில்வர் காஸ்கேடு, செண்பகனூர், மூஞ்சிக்கல் வரை ஏறுவது ஒரே சாலை, பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். மூன்று கால்வாய் இருந்தும் ஒரே மடை என்றால், மடை அடைத்த அன்று மூன்றும் சேர்ந்துதான் நிற்கும். மேல்மலைக் கிராமங்களுக்கோ அதற்கும் மேலே ஒரு மடை இருக்கிறது, அது நம் ஊர்தான்.

இது மலைக்கு மட்டும் நேர்வதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் 'தி இந்து' நாளிதழுக்கு நடந்ததைப் பாருங்கள். 1878-இல் தொடங்கிய பத்திரிகை. டிசம்பர் 2 அன்று சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. செய்தி இருந்தது, ஆசிரியர் குழு இருந்தது. நகருக்கு வெளியே மறைமலைநகரில் இருந்த அச்சகத்துக்கு வேலையாட்கள் போய்ச் சேர முடியவில்லை. இரண்டு உலகப் போர்களையும் பார்த்த பத்திரிகை, ஆள் போகும் பாதை அடைபட்டு நின்றது. அன்று முதல் என் கடைப் பையன்களில் ஒருவனாவது கடைக்கு நடந்து வரும் தூரத்தில் இருக்கிறானா என்று பார்த்துக்கொள்கிறேன்.

பாதை அடைபடுவதைப் பற்றிப் பேசும்போது நம் ஊரில் ஒரு நிறுவனத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே அடைபடுவது சாலை இல்லை, வானம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை அழித்த தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனில் தெரியும் மாற்றத்துக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று அறிய ஆசைப்பட்டார்கள். அதற்காகச் சென்னையிலிருந்த வானாய்வு வேலையை உயரமான இடத்துக்குக் கொண்டுவந்து, மிச்சி ஸ்மித் தலைமையில் இங்கே ஆய்வகம் கட்டினார்கள். 1901-இல் கண்காணிப்பு தொடங்கியது. 1909-இல் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தைக் கண்டுபிடித்ததை நம் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள்.

எனக்கு அதைவிட வியப்பாக இருப்பது, அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகும் தினமும் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்களே, அதுதான். 1904-இலிருந்து இரண்டு போர், விடுதலை, நிர்வாக மாற்றம் எல்லாவற்றையும் தாண்டி, நூறு ஆண்டுக்கும் மேலான சூரியப் படங்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் நம் ஊர் மேகம் உங்களுக்குத் தெரியும். ஐப்பசி கார்த்திகையில் வாரக்கணக்கில் சூரியன் வருவதில்லை. மேகத்தை விலக்க எந்த அறிவியலாலும் முடியாது. அவர்கள் செய்த ஏற்பாடு எளிமையானது. பிரான்ஸில் மியூடன், அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் போன்ற ஆய்வகங்களோடு படப் பரிமாற்றம் வைத்துக்கொண்டார்கள். இங்கே மூடிய நாளில் அங்கே வெயில் அடித்திருந்தால், அந்தப் படம் இங்கே உள்ள இடைவெளியை நிரப்பும். அவர்களுடைய மூடிய நாளுக்கு நம் படம். கடிதமும் கப்பலும் போன காலத்து ஏற்பாடு இது. யாரும் யாருக்கும் தானம் செய்யவில்லை, எல்லாருக்கும் லாபம்தான். மேகம் வந்த பிறகு கடிதம் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது.

மேலேயிருந்து இப்போது கீழ்மலைக்கு வாருங்கள். அங்கேதான் இந்தக் கதையின் வலி இருக்கிறது.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, கே.சி.பட்டி பக்கம் உறவினர் இருப்பவர்களுக்கு மலைவாழையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. விருப்பாட்சி, சிறுமலை என்று இரண்டு ரகம். காப்பிச் செடிக்கு நடுவே நிழலாகவும் நிற்கும், பணமாகவும் நிற்கும். சமவெளியில் போல ஆண்டுதோறும் தோண்டி நட வேண்டியதில்லை. ஒரு தடவை நட்டால் பக்கக்கன்று விட்டு விட்டு அதே தூரில் பல ஆண்டுகள் தார் போடும். தாத்தா வைத்த தூரில் பேரன் தார் வெட்டியிருக்கிறான். பழத்தில் ஈரம் குறைவு, அதனால் பிசைந்தால் நீர் விடாது. பழனிப் பஞ்சாமிர்தம் கெடாமல் இருப்பதற்கு அதுவே ஒரு காரணம். மலைவாழைக்கும் புவிசார் குறியீடு உண்டு, பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் கிடைத்தது. மலைமேல் விளைவது, மலையடிவாரத்துக் கோவில் பிரசாதம் ஆவது என்று ஒரு கொடுக்கல் வாங்கல் ரொம்ப நாளாக நடந்து வந்தது.

பிறகு முடிக்கொத்து நோய் வந்தது. பார்த்தவர்களுக்கு மறக்காது. இலைகள் அகலம் குறைந்து, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். அந்த மரம் தார் போடாது. மருந்து கிடையாது, தூரோடு தோண்டி அழிக்க வேண்டும். வைரஸ் கிருமியால் வருவது, கறுப்பு அசுவினி மூலமும் கன்று மூலமும் பரவுவது. எழுபதுகளில் கீழ்ப்பழனி மலையில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, பின்னாளில் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டதாக விவசாயத் துறையினர் சொல்லும் கணக்கு.

ஏன் இவ்வளவு? எதை நாம் பலம் என்று நினைத்தோமோ அதுவே பலவீனமானது என்பது என் எண்ணம். ஒரே தூர் பல ஆண்டு நின்றதால், நோய் வந்த தூரும் பல ஆண்டு நின்று பரப்பியது. கன்றுக்குக் காசு கொடுக்காமல் பக்கத்துத் தோட்டத்தில் வாங்கி நடுவது நம் வழக்கம், நல்ல வழக்கம்தான், ஆனால் நோய் அதே வழியாக நடந்து வந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனம் வரவில்லை. தாத்தா வைத்த தூரை, அதில் இன்னும் பச்சை இருக்கும்போது, யார் தோண்டுவார்? இந்த வருஷம் பார்ப்போம் என்று விட்டவர்கள்தான் அதிகம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பழைய கடன் நோட்டைப் பரணில் போட்டவன் நான்.

இதே நோய் ஆஸ்திரேலியாவில் 1913 வாக்கில் புகுந்து, அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டில் அங்கே வாழைத் தொழிலை ஏறக்குறைய முடித்துவிட்டது. மெகி என்ற ஆய்வாளர் இருபதுகளில் அசுவினிதான் பரப்புகிறது என்று கண்டுபிடித்தார். அதன் பிறகு அவர்கள் செய்தது மருந்தடிப்பது மட்டும் அல்ல. தோட்டம் தோட்டமாகச் சோதனை, நோய் கண்டால் கட்டாய அழிப்பு, சுத்தமான கன்றுக்கு மட்டும் அனுமதி என்று சட்டமே போட்டார்கள். தொழில் திரும்ப எழுந்தது. இதில் தனி மனிதர் சாமர்த்தியத்துக்கு இடமே இல்லை. நீங்கள் உங்கள் தோட்டத்தைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தாலும், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு நோய்த்தூர் நின்றால் அசுவினி வேலியைக் கேட்டுக்கொண்டு வருமா?

நம் பக்கமும் வேலை நடந்தது. தடியன்குடிசையிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், வேளாண் பல்கலைக்கழகமும், திருச்சி வாழை ஆராய்ச்சி மையமும் முயன்று, கிருமி இல்லை என்று சோதித்த திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டுவந்தன. மலைவாழை மீண்டும் வருகிறது. ஆனால் இடையில் ஒரு தலைமுறை போய்விட்டது. அந்தக் காலத்தில் தாக்குப்பிடித்தவர்கள் யார் என்று கீழ்மலைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டவரை பதில் ஒன்றாகவே இருந்தது: காப்பி இருந்தவர், மிளகுக் கொடி ஏற்றியிருந்தவர், சவ்சவ் பந்தல் போட்டவர், இரண்டு பட்டர் ஃப்ரூட் மரமாவது வைத்திருந்தவர். வாழையோடு கமலா ஆரஞ்சை மட்டும் நம்பியிருந்தவருக்கு ஆரஞ்சும் நோயில் போனது. இரண்டு இருந்தால் போதாது, இரண்டும் ஒரே அடியில் விழாதவையாக இருக்க வேண்டும் போலிருக்கிறது.

கடல் தாண்டி இன்னொரு கதை, நம் பக்கத்து மாவட்டத்து ஆட்கள் வேலைக்குப் போன மண்ணின் கதை. இலங்கை மலையகம் அப்போது காப்பித் தேசம். 1869-இல் இலைத்துரு நோய் தெரிந்தது. இருபது ஆண்டுக்குள் காப்பி ஒழிந்தது, எத்தனையோ துரைமார் திவாலானார்கள். ஆனால் தொழில் அழியவில்லை, தேயிலையாக மாறியது. எப்படி முடிந்தது? கண்டிப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867-இலேயே, காப்பி கொழித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, 19 ஏக்கரில் தேயிலை நட்டுப் பார்த்திருந்தார். நோய் தெரிவதற்கு இரண்டு ஆண்டு முன்பு. நோய் முற்றியபோது, எங்கே நட வேண்டும், எப்படிப் பறித்து வாட்ட வேண்டும் என்று தெரிந்த ஒருவர் இருந்தார். அந்த 19 ஏக்கர் லாபத்துக்காக நட்டது இல்லை, பழகுவதற்காக நட்டது. தோட்டங்கள் இப்படிப் பிழைத்தன. அங்கே கூலிக்குப் போன நம் சனங்கள் பட்ட பாடு தனிக்கதை, அதை இந்தப் பக்கத்தில் அடக்க முடியாது.

மேல்மலையிலும் பழைய அறிவு ஒன்று உண்டு, சின்னதுதான். பூம்பாறை, மன்னவனூர்ப் பூண்டைக் கட்டுக் கட்டாகக் கட்டி, புகை படும் இடத்தில் தொங்கவிடுவார்கள். மாதக்கணக்கில் கெடாது. அந்த மலைப்பூண்டுக்கும் 2019-இல்தான் புவிசார் குறியீடு வந்தது. கஜா வாரத்தில் பாதை அடைபட்டபோது பறித்து வைத்த கேரட்டும் பீன்ஸும் மூட்டையிலேயே வீணாயின. பூண்டு வீட்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. காத்திருக்கக்கூடிய சரக்கு ஒன்று வீட்டில் இருந்தால் பாதை திறக்கும் வரை வியாபாரியிடம் கெஞ்ச வேண்டியதில்லை.

நம் ஊரின் இன்றைய பயிர் வாழையும் இல்லை, பூண்டும் இல்லை. ஏப்ரல், மே மாதத்துச் சுற்றுலாப் பயணிகள்தான். இதைச் சொன்னால் லாட்ஜ் வைத்திருக்கும் நண்பர்கள் வருத்தப்படலாம், ஆனால் அவர்களே என்னிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன். 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். அந்த ஆண்டு சீசன் முழுதும் போனது. 2021 மே 10 முதல் மறுபடி ஊரடங்கு, அந்த ஆண்டு சீசனும் போனது. இரண்டு அடி, இரண்டும் ஒரே இடத்தில். ஏரிக்கரையில் குதிரை ஓட்டியவர், ஏழு ரோட்டில் சாக்லேட் விற்றவர், அறை வாடகைக்கு விட்டவர், சீட்டுக் கட்டியவர் எல்லாரும் ஒரே கிளையில் உட்கார்ந்திருந்தோம். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்தபோது பழைய பயம் மறுபடி வந்தது. இ-பாஸ் நல்லதா கெட்டதா என்பதில் நம் சங்கத்திலேயே இரண்டு கட்சி உண்டு. ஊர் தாங்கும் அளவுக்குத்தான் வண்டி வர வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் நான் மளிகைக்கடைக்காரன், லாட்ஜ்காரன் இல்லை, சொல்வது எளிது.

ஊரடங்கில் என் கடை ஓடியது, அதை மறைக்கவில்லை. கஜா கற்றுக்கொடுத்திருந்தது. கம்ப்யூட்டர் இன்றும் இருக்கிறது. ஆனால் தினமும் கடை அடைக்கும் முன் அன்றைய கடனை நோட்டிலும் எழுதுகிறேன், கால் மணி நேரம் ஆகும். வாடிக்கையாளர், மொத்த வியாபாரி, வண்டிக்காரர், லைன்மேன் எல்லார் போன் நம்பரும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறது, ஏனென்றால் சார்ஜ் இல்லாத போனுக்குள் நம்பர் இருந்து பயனில்லை. ஐந்தாயிரம் ரூபாய்க்குச் சில்லறை நோட்டாகத் தனியே ஒரு டப்பாவில் இருக்கிறது, அதை வீட்டுச் செலவுக்கு எடுக்க என் மனைவிக்கும் அனுமதி இல்லை, எனக்கும் இல்லை. புரட்டாசி முடிவதற்குள் அரிசி, பருப்பு, பால் பவுடர், மெழுகுவத்தி, தீப்பெட்டி பத்து நாள் இருப்புக்கு வந்துவிடும். கடையின் இன்சூரன்ஸ் பத்திரத்தை எடுத்துப் படித்தேன், தீ விபத்துக்கு மட்டும்தான் போட்டிருந்தேன். புயலும் வெள்ளமும் சேர்த்து எழுதக் கூடுதலாகக் கட்ட வேண்டியது நான் பயந்த அளவுக்கு இல்லை. உங்கள் பத்திரத்தையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

பெரியவரோடும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன், எழுத்தில் ஒன்றும் இல்லை. என் கடை நின்றால் என் வாடிக்கையாளருக்கு அவர் கொடுப்பார், நோட்டில் என் கணக்கில் எழுதுவார். அவர் கடை நின்றால் நான். ஊரடங்கில் அவருக்குக் காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுத்தபோது அது உதவியது. அவர் இப்போது இல்லை. அவர் மகன் கடையை நடத்துகிறார், ஒப்பந்தம் தொடர்கிறது.

கடைக்காரர் அல்லாதவர்கள் இதுவரை படித்திருந்தால், இது எங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் குடியிருப்பில் தனியாக இருக்கும் மூத்தவர்கள் எத்தனை பேர் என்று நம் பொருளாளருக்குத் தெரியும். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இன்சுலின் வாங்குவது அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே மருந்துக் கடையில். அந்தக் கடைக்குச் சரக்கு வருவது பெருமாள்மலை வழியாக. இன்சுலினுக்கு ஃப்ரிட்ஜ் வேண்டும், ஃப்ரிட்ஜுக்கு மின்சாரம் வேண்டும். அந்தக் கடையில் ஜெனரேட்டருக்கு எத்தனை மணி நேர டீசல் இருக்கிறது என்று நீங்களோ நானோ இதுவரை கேட்டதில்லை.

அக்டோபர் முதல் ஞாயிறு, சந்தை முடிந்து மாலை நான்கு மணிக்கு நம் கூட்டம். பின்வரிசை நண்பர் அவசியம் வர வேண்டும். கடை, லாட்ஜ், ஹோம்ஸ்டே, தோட்டம், தையல் மெஷின் எது வைத்திருப்பவரானாலும் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதி எடுத்து வாருங்கள்: பெருமாள்மலைச் சாலை ஐந்து நாள் அடைத்தால் உங்களிடம் எது முதலில் தீரும், மின்சாரம் ஐந்து நாள் இல்லாவிட்டால் எது நிற்கும், நீங்கள் படுத்துவிட்டால் உங்கள் வேலையை யார் பார்ப்பார். மருந்துக் கடைக்காரர்கள் இருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். டீ உண்டு. மின்சாரம் இருந்தால் பஜ்ஜியும் உண்டு.